கலைவாணர்: சிரிப்பும் பாட்டும்

நம் முன்னோர் சிரிப்பைச் சின்ன விஷயமாக நினைத்தவர்கள் அல்லர். எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லவந்த தொல்காப்பியர் நகையைத்தான் முதலில் வைக்கிறார். அது பிறப்பதற்கு நான்கு காரணங்களும் காட்டுகிறார். பிறரைக் கேலி செய்யும் எள்ளல் அவற்றுள் ஒன்று. இளமை, பேதைமை, மடமை என்பன மற்றவை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனின் படங்களைப் பாருங்கள், ஒரு சங்கதி விளங்கும். எள்ளலைக் குறைத்து, பேதைமையைத் தம் தலையிலேயே ஏற்றிக்கொண்டவர் அவர்.

1908 நவம்பர் 29-ல், அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்த நாகர்கோவிலில், ஒழுகினசேரியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிப் படிப்பு ஆரம்ப வகுப்புகளோடு நின்றது. டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுதான் அவருக்குப் பள்ளிக்கூடம். 1936-ல் வெளிவந்த 'சதிலீலாவதி'யில் நடித்தார், எம்.ஜி.ஆருக்கு அதுவே முதல் படம். அக்காலத்தில் தமிழ்ப் படங்கள் பல வெளிமாநிலங்களில்தான் எடுக்கப்பட்டன. படப்பிடிப்புக்காகப் புனா போன சமயத்தில்தான் டி.ஏ. மதுரத்தைச் சந்தித்தார். நடிப்பிலும் வாழ்விலும் அந்த அம்மையார் துணையானார்.

அவருடைய இசைக்கு வேர் எது? தென்கோடியில் கோயில் கொடைகளில் பாடும் வில்லுப்பாட்டு. பனைமரத்தில் செய்த நீண்ட வில்லில் மணிகளைக் கட்டி, நாணை வீசுகோலால் தட்டிக்கொண்டு தலைமைப் புலவர் கதை சொல்வார். குடம், உடுக்கை, தாளம் சேர்ந்துகொள்ளும். பக்கத்தில் இருப்பவர் 'ஆமாம்' போட்டு, நடுவே கேள்வியும் கேட்பார். கலைவாணரும் மதுரமும் சேர்ந்து செய்த நகைச்சுவையும் இதே அமைப்புதான் என்பது என் கருத்து. அம்மா கேட்பார், ஐயா பதில் சொல்வார், பதிலிலே மாட்டிக்கொள்வார். கேட்கிறவனுக்குச் சிரிப்பு, கூடவே ஒரு யோசனை. இரவல் குரல் இல்லை. சொந்தக் குரலிலேயே பாடினார். காந்தியடிகளின் வாழ்க்கையையும் வில்லுப்பாட்டாக்கி மேடையேற்றினார். பிற்காலத்தில் பத்மஸ்ரீ பெற்ற சுப்பு ஆறுமுகத்தைச் சென்னைக்கு அழைத்து வந்தவரும் இவரே.

1944 நவம்பரில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலையுண்டார். அந்த வழக்கில் தியாகராஜ பாகவதரும் கலைவாணரும் 1945-ல் ஆயுள் தண்டனை பெற்றனர். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி, 1947-ல் இருவரும் விடுதலையானார்கள். இடைப்பட்ட காலத்தில் மதுரம் அம்மையார் நாடகக் குழு நடத்திக் குடும்பத்தையும் கலைஞர்களையும் காப்பாற்றினார். பாகவதரின் திரைவாழ்வு பிறகு பழைய நிலைக்கு வரவில்லை. கலைவாணரோ முன்னிலும் துணிந்து பேசினார்.

1949-ல் அண்ணா எழுதிய 'நல்லதம்பி' அதற்குச் சான்று. அதில் வரும் 'கிந்தனார்' காலட்சேபத்தை அவசியம் கேட்க வேண்டும். கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சிதம்பரம் போகத் தவித்தார்; இந்தக் கிந்தனார் படிப்புக்குத் தவிக்கிறார். பாகவதர் பாணி, பக்கவாத்தியம் எல்லாம் பழசு. சரக்கு மட்டும் புதுசு. பக்திக் கதை கேட்கப் பழகிய காதிலே தீண்டாமையின் கொடுமையை இறக்கிவிட்டார். பிறகு அவரே இயக்கிய 'மணமகள்' (1951), 'பணம்' (1952) வந்தன.

நாற்பது வருஷமாக ஜவுளிக் கடையில் உட்கார்ந்திருப்பவன் நான். "உங்களுக்குத் தெரியாது" என்று முகத்துக்கு நேரே சொன்னால் வாடிக்கையாளர் எழுந்து போய்விடுவார். ஊருக்குப் புத்தி சொல்கிறவருக்கும் அதே கஷ்டம்தான். அதனால்தான் கலைவாணர் முட்டாள் வேஷத்தைத் தாமே போட்டுக்கொண்டார். நம்மைத் திட்டவில்லை என்ற தைரியத்தில் நாம் சிரித்தோம். சிரித்தபிறகு நம்மைத்தான் சொன்னார் என்று புரிந்தது.

சம்பாதித்ததை வாரிக் கொடுத்தவர், 1957 ஆகஸ்ட் 30-ல் நாற்பத்தெட்டு வயதில் மறைந்தார். சென்னை தியாகராய நகரில் அவர் சிலையை 1969 பொங்கல் நாளில் உடல்நலம் குன்றிய நிலையிலும் வந்து திறந்துவைத்தவர் அண்ணா. அடுத்த மாதமே அண்ணாவும் போய்விட்டார்.

வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளை, பேசும் தமிழை வைத்தும் நிறத்தை வைத்தும் கேலி செய்வோர் உண்டு. திருப்பிக் கேலி செய்ய அவர்களும் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள். யாரையும் தாழ்த்தாமல் சிரிக்க வைக்கவும் முடியும் என்பதை அவர்கள் பார்க்க வேண்டாமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை 'நல்லதம்பி'யைப் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து புரியாத சொற்களுக்குப் பொருள் சொல்லுங்கள். தமிழும் வரும், சிரிப்பும் வரும்.