ஓதமும் வெள்ளமும்

கடல்நீர் குறித்த நேரங்களில் உயர்ந்து தாழ்வதே ஓதம். நிலவே இதற்கு முதன்மைக் காரணம். நிலவை நோக்கிய பக்கத்தில் அதன் ஈர்ப்பு பூமியின் மையத்தில் உள்ளதைவிட மிகுதி, மறுபக்கத்தில் குறைவு. இந்த வேறுபாட்டால் இரு பக்கங்களிலும் நீர் மேலெழுகிறது. பூமி சுழல்வதால் பெரும்பாலான கடற்கரைகள் ஏறத்தாழ 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை ஏற்றம் காண்கின்றன.

சூரியனின் பங்கு நிலவினுடையதில் பாதிக்கும் குறைவு. ஆயினும், அமாவாசை, பௌர்ணமி நாள்களையொட்டி இரண்டின் விசையும் இணைவதால் ஏற்றம் பெருகுகிறது.

அந்நேரத்தில் சென்னையில் பெருமழை பெய்தால், அடையாறு, கூவம் முகத்துவாரங்களில் வெள்ளம் வடிவது தாமதமாகும். மழையின் அளவைத் துல்லியமாக முன்னறிவது கடினம். ஓத நேரத்தையோ பல ஆண்டுகளுக்கு முன்பே கணித்துவிடலாம். ஏரிகளைத் திறக்கும் முடிவிலும், வெள்ள எச்சரிக்கையிலும் அந்தக் கணிப்பு தவறாமல் இடம்பெற வேண்டும்.