வலையமைப்பு வரைபடம் வரைதலும் பேணலும்

ஒரு வலையமைப்பிலுள்ள சாதனங்களையும் அவற்றுக்கிடையிலான இணைப்புகளையும் குறியீடுகளால் காட்டும் படம் வலையமைப்பு வரைபடம் எனப்படும். இது பௌதிக வரைபடம், தருக்க வரைபடம் என இருவகைப்படும். இரண்டையும் ஒரே படத்தில் கலந்து வரைந்து புள்ளி இழக்கும் மாணவர் பலர்.

எந்தச் சாதனம் எந்த அறையில் உள்ளது, வடம் எவ்வழியே செல்கிறது, அதன் நீளம் என்ன, அது ஆளியின் எந்தத் துறையில் செருகப்பட்டுள்ளது என்பவற்றைப் பௌதிக வரைபடம் காட்டும். உபவலையமைப்புகளையும் ஐ.பி. முகவரிகளையும் தரவு செல்லும் வழியையும் தருக்க வரைபடம் காட்டும்.

பின்வரும் உதாரணத்தை நோக்குக. ஒரு பாடசாலைக்கு 192.168.10.0 எனும் வலையமைப்பு முகவரி கிடைத்துள்ளது. 255.255.255.192 எனும் உபவலை மறைமுகத்தைப் பயன்படுத்தினால் நான்கு உபவலையமைப்புகள் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் 62 சாதனங்களுக்கு முகவரி வழங்கலாம். ஆய்வுகூடத்துக்கு 192.168.10.0, அலுவலகத்துக்கு 192.168.10.64, நூலகத்துக்கு 192.168.10.128 என ஒதுக்குவோம். நான்காவது எஞ்சியிருக்கும். ஒவ்வோர் இடத்து ஆளியையும் ஆய்வுகூடத்திலுள்ள வழிப்படுத்தியுடன் இணைத்தால் தருக்க வரைபடம் பிழையின்றி முடிந்துவிடும்.

ஆனால், வழிப்படுத்தியிலிருந்து நூலகம் 130 மீற்றர் தூரத்தில் இருந்தால்? முறுக்கிய சோடி வடத்தை 100 மீற்றருக்கு மேல் இழுத்தல் ஆகாது. தருக்க வரைபடத்தில் அது வெறும் கோடு, குறை தெரியாது. பௌதிக வரைபடத்தில் நீளத்தை எழுதும்போதே ஒளியிழை வடம் தேவை என்பது புலப்படும். வினாவில் கட்டடங்களுக்கிடையிலான தூரம் தரப்படுவது இதற்காகவே.

இவ்விருவகைப் பிரிப்பு புதிதன்று. 1969 இல் நான்கு கணுக்களுடன் ஐக்கிய அமெரிக்காவில் தொடங்கிய ஆர்பாநெற்றுக்கும், 1977 அளவில் புவியியல் வரைபடமும் தருக்க வரைபடமும் தனித்தனியே இருந்தன.

வரைவதைவிடப் பேணுவதே கடினம். அலுவலகத்துக்குப் புதிய அச்சுப்பொறி வருகிறது, அதற்கு 192.168.10.70 எனும் நிலையான முகவரி வழங்கப்படுகிறது. வரைபடத்தில் எவரும் குறிக்கவில்லை. சில மாதங்களின் பின் வேறொருவர் அதே முகவரியை ஒரு கணினிக்கு வழங்குகிறார். வழங்குமுன் அவர் பிங் கட்டளையால் சோதித்திருக்கலாம். அவ்வேளை அச்சுப்பொறி அணைக்கப்பட்டிருந்தால் பதில் வராது. முகவரி பயன்பாட்டில் இல்லை என்றே தோன்றும். மறுநாள் முகவரி மோதல் ஏற்படும், அச்சிடும் வேலை தடைப்படும். எனவே மாற்றம் செய்யும் அன்றே வரைபடத்தைத் திருத்தி, திகதியையும் பதிப்பு இலக்கத்தையும் இட்டு, பழைய பிரதியைச் சுவரிலிருந்து அகற்றிவிட வேண்டும். தன்னியக்கமாக முகவரி பெறும் கணினிகளுக்குத் தனித்தனி முகவரி எழுத வேண்டியதில்லை. முகவரி வீச்சை மட்டும் குறித்தால் போதும். கடவுச்சொற்களை வரைபடத்தில் ஒருபோதும் எழுதலாகாது.