ஆம்புலன்ஸ் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும்?

“இது யாருடைய கை?”

இடது பக்கம் செயலிழந்து கிடக்கும் நோயாளியிடம் அவருடைய இடது கையையே தூக்கிக் காட்டி இப்படிக் கேட்கிறார், ஸ்பெயினின் கத்தலோனியா பகுதி ஆம்புலன்ஸ் ஊழியர். சிலர் தயங்காமல் “என்னுடையது இல்லை” என்று சொல்லிவிடுவார்கள். மூளையின் வலது பாதியில் பெரிய ரத்தக்குழாய் ஒன்று அடைபட்டிருக்கலாம் என்பதற்கு அந்தப் பதில் ஒரு தடயம். வலது பக்கம் செயலிழந்தவரிடம் கேட்பது வேறு: கண்ணை மூடுங்கள், கையை இறுக்கி மூடுங்கள். சொன்னது புரிகிறதா என்று பார்க்கிறார்கள்.

முகக் கோணல், கை பலம், கால் பலம், தலையும் பார்வையும் ஒரே பக்கம் திரும்பியிருப்பது ஆகியவற்றோடு இதையும் சேர்த்து 9க்கு மதிப்பெண் போடுகிறார்கள். ‘ரேஸ்’ என்ற இந்த அளவுகோல் 2014இல் வெளியானது. மதிப்பெண் 5ஐ எட்டினால் பெரிய அடைப்பு என்று சந்தேகிக்கலாம்.

சந்தேகம் வந்தபின்தான் சிக்கலே. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைச் சிறு நகர மருத்துவமனையிலும் போடலாம்; நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஆனால் பெரிய குழாயில் சிக்கிய கட்டி பல நேரம் ஊசிக்கு மசியாது. தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி அதை இழுத்தெடுக்க வேண்டும். அதற்கான நிபுணர்கள் சில பெரிய மருத்துவமனைகளில்தான் இருக்கிறார்கள். பக்கத்தில் ஊசி, தூரத்தில் முழுச் சிகிச்சை. எங்கே போவது?

கத்தலோனிய மருத்துவர்கள் இதை ஊகத்துக்கு விடவில்லை. 2017 முதல் 2020 வரை, பெரிய அடைப்பு இருக்கலாம் என்று கருதப்பட்ட 1,401 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு சாராரை அருகிலுள்ள மையத்துக்கும் மறு சாராரைத் தொலைவிலுள்ள பெரிய மையத்துக்கும் அனுப்பினார்கள். அடைப்பால் வந்த பக்கவாதம் என்று உறுதியானவர்களில், அருகே போனவர்களில் நூற்றுக்கு 60 பேருக்கு ஊசி கிடைத்தது. தூரம் போனவர்களில் 48 பேருக்குத்தான். கட்டியை இழுத்தெடுக்கும் சிகிச்சையோ தூரம் போனவர்களுக்கே அதிகம் கிடைத்தது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் இரு சாராரின் நிலையிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

இதைப் படித்துவிட்டு ‘எங்கே போனாலும் ஒன்றுதான்’ என்று யாராவது சொன்னால் எனக்குப் பதறுகிறது. அங்கே சிறிய மையங்களும் சுறுசுறுப்பானவை. ஸ்கேன் எடுத்து, ஊசி போட்டு, தேவையானவரை உடனே பெரிய மையத்துக்கு ஏற்றி அனுப்பப் பழகியவை. அந்த வேகம் இல்லாத ஊருக்கு இந்த முடிவு பொருந்தாது.

இன்னொன்றும் தெரியவந்தது. அதே ஆய்வில் சுமார் 300 பேருக்கு மூளையில் ரத்தக்கசிவு. அடைப்பா கசிவா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது, ஸ்கேன்தான் சொல்லும். இவர்களில் நீண்ட பயணம் போனவர்களுக்கு வழியிலேயே சிக்கல்கள் கூடின, நிமோனியாவும் அதிகம் வந்தது. பெரிய மருத்துவமனை என்பதற்காகவே எல்லோரையும் அங்கே விரட்டக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

முன்பு சொன்ன வேகத்துக்கு ஓர் உதாரணம்: ஃபின்லாந்தின் ஹெல்சிங்கியில் ஆம்புலன்ஸ் வழியிலிருந்தே தகவல் சொல்லிவிடும். நோயாளி வந்த ஸ்ட்ரெச்சரிலேயே நேராக ஸ்கேன் அறைக்குப் போவார். வாசலில் நுழைவதற்கும் ஊசி போடுவதற்கும் இடையே 1998இல் 105 நிமிடம் ஆனது. 2011இல் 20 நிமிடம்.

நம் ஊரில் நான் கேட்பது இவ்வளவுதான். 108ஐ அழையுங்கள்; ஸ்கேன் வசதி இல்லாத இடத்தில் டிரிப்ஸ் ஏற்றிக் காத்திருக்காதீர்கள். வாயில் காபியோ தண்ணீரோ ஊற்றாதீர்கள், புரையேறும். சர்க்கரை குறைந்தாலும் பக்கவாதம் போலவே தோன்றும். அதை ஊழியர் விரலில் குத்திப் பார்த்துவிடுவார். அவர் கேட்கும் முக்கியமான கேள்விக்கு வீட்டில் ஒருவராவது பதில் வைத்திருக்க வேண்டும்: கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்? தூங்கி எழும்போதே கை விழுந்திருந்தால், எழுந்த நேரத்தைச் சொல்லக் கூடாது. இரவில் கடைசியாக நலமாகப் பார்த்த நேரத்தைச் சொல்ல வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் அந்த மருந்துச் சீட்டையும் கையோடு கொடுத்தனுப்புங்கள். ஊசி போடலாமா என்பதை மருத்துவர் அதையும் பார்த்துத்தான் முடிவு செய்வார்.