எரிமலைத் தீவு இல்லை, இது சேற்றுத் தீவு: பூலாவ் கெத்தாமை எந்த நேரத்தில் பார்ப்பது?

இன்ஸ்டாகிராமைத் திறந்தால் சாந்தோரினி, ஸ்ட்ராம்போலி என்று மத்தியதரைக் கடலின் எரிமலைத் தீவுகள் வரிசையாக வந்து நிற்கும். கறுப்பு மணல், புகை கக்கும் மலையுச்சி, கீழே நீலக் கடல். "இயற்கையைப் பார்க்கணும்னா அங்கதான் போகணும்" என்று நண்பர் யாராவது உங்களிடம் சொல்லியும் இருப்பார்.

போக முடிந்தால் போங்கள். ஆனால் நீங்கள் காப்பாரிலோ கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ இருந்தால், அதே அளவுக்கு விசித்திரமான தீவுக் கூட்டம் ஒன்று போர்ட் கிள்ளான் ஜெட்டியிலிருந்து ஒரு சிறிய படகுப் பயணத் தூரத்தில் இருக்கிறது. அதில் நாம் எளிதில் போய்வரக்கூடியது பூலாவ் கெத்தாம். மலாயில் கெத்தாம் என்றால் நண்டு.

தீ கட்டிய தீவும் சேறு கட்டிய தீவும்

ஸ்ட்ராம்போலி கடலுக்கு மேலே 900 மீட்டருக்கும் அதிகமாக எழும்பி நிற்கிறது. அடியிலிருந்து வந்த எரிமலைக் குழம்பு குளிர்ந்து குளிர்ந்து உருவான மலை அது. கெத்தாமில் மலை கிடையாது, பாறைகூடக் கிடையாது. கோலாலம்பூரில் மஸ்ஜிட் ஜாமெக் அருகே கோம்பாக் ஆற்றோடு சேர்ந்து, பிரிக்பீல்ட்ஸை ஒட்டிப் போய், கிள்ளான் ஊரைத் தாண்டிக் கடலில் விழும் கிள்ளான் ஆறு வண்டலைக் கொண்டுவருகிறது. கடலின் நீரோட்டமும் தன் பங்குக்குக் கொண்டுவருகிறது. வேகம் குறையும் இடத்தில் அது படிகிறது. படிந்ததைச் சதுப்புநில மரங்களின் வேர்கள் பிடித்துக்கொள்கின்றன.

கடல் ஏறும்போது தீவின் தரையில் பெரும்பகுதி நீருக்குள் போய்விடும். அதனால்தான் ஹொக்கியன், தியோச்சு மீனவர்களின் வீடுகள் தூண்கள் மேல் நிற்கின்றன. கார் இல்லை, சைக்கிள்தான்.

காலண்டரைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்

பெரும்பாலானோர் ஞாயிற்றுக்கிழமை போவார்கள், நண்டு சாப்பிடுவார்கள், நாலு படம் எடுத்துத் திரும்புவார்கள். தப்பில்லை. ஆனால் இயற்கைக்காகப் போகிறவர் எந்தக் கிழமை என்று பார்ப்பதைவிட, கடல் எப்போது ஏறி எப்போது இறங்குகிறது என்று பார்ப்பதுதான் முக்கியம்.

இங்கே கடல் நாளுக்கு இரண்டு முறை ஏறும், இரண்டு முறை இறங்கும். அடுத்த நாள் அதே ஏற்றம் சுமார் 50 நிமிடம் தள்ளி வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இந்த வித்தியாசம் மிக அதிகம். போர்ட் கிள்ளானில் அது 4 மீட்டரைத் தாண்டுவதுண்டு, அதாவது ஒரு மாடி உயரத்துக்கும் மேல். எந்த நாள் என்று தெரிந்துகொள்ள வீட்டுச் சுவரில் அம்மா மாட்டியிருக்கும் தமிழ்க் காலண்டரே போதும். எத்தனை மணிக்கு என்பதை மட்டும் கைப்பேசியில் கடல் மட்ட அட்டவணையில் பாருங்கள்.

கடல் இறங்கிய நேரத்தில் நடைபாதையில் நின்று கீழே பாருங்கள். முதல் ஐந்து நிமிடம் "என்னடா இது, வெறும் சேறு" என்றுதான் தோன்றும். அசையாமல் நின்றால் சேறே நகர ஆரம்பிக்கும். ஒரு கொடுக்கு மட்டும் உடம்பை விடப் பெரிதாக இருக்கும் ஆண் நண்டுகள் அதை ஆட்டி ஆட்டிக் காட்டும். பெலாச்சாக் என்ற மீன் சேற்றில் தத்தித் தத்தி நடக்கும். தோல் ஈரமாக இருக்கும்வரை அதற்குத் தோல் வழியாகவும் மூச்சு விட முடியும்.

மரங்களும் அப்படித்தான். சேற்றில் காற்று இல்லாததால் ஆப்பி-ஆப்பி மரம் பென்சில் போன்ற வேர்களை மேல்நோக்கி நீட்டி மூச்சு விடுகிறது. பாக்காவ் மரத்தில் விதை கிளையிலேயே முளைத்து, நீண்ட முருங்கைக்காய் போலத் தொங்கும். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் தந்த தில்லை மரமும் நம் நாட்டுச் சதுப்புநிலக் காடுகளில் உண்டு. அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. மலாய்க்காரர்கள் அதை பூத்தா-பூத்தா என்கிறார்கள். பூத்தா என்றால் குருடு!

சைபீரியாவிலிருந்து வரும் விருந்தாளிகள்

செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை போனால் இன்னொரு கூட்டத்தையும் பார்க்கலாம். சைபீரியாவிலும் ஆர்க்டிக் பகுதியிலும் குஞ்சு பொரித்துவிட்டுத் தெற்கே வரும் உள்ளான், கோட்டான், உப்புக்கொத்தி வகைப் பறவைகள் அவை. சேற்றுக்குள் இருக்கும் புழுவும் சிப்பியும்தான் அவற்றுக்குச் சாப்பாடு. இங்கே உடம்பில் கொழுப்பு சேராவிட்டால் அடுத்த ஆயிரக்கணக்கான கிலோமீட்டரைப் பறந்து முடிக்க முடியாது.

கடல் முழுதாக ஏறிச் சேறு மூழ்கியதும் இவை எங்கே போய் நிற்கும்? இங்கேதான் காப்பார் வருகிறது. காப்பார் கடற்கரையில், தூரத்திலிருந்தே புகைபோக்கி தெரியும் சுல்தான் சலாஹுடின் அப்துல் அசிஸ் மின்நிலையம் நிலக்கரியை எரிக்கிறது. அந்தச் சாம்பலைக் கொட்டும் குளங்கள்தான் இந்தப் பறவைகளின் ஓய்விடம். உலக அளவில் அழியும் ஆபத்தில் உள்ள நார்ட்மேன் பச்சைக்காலி உள்ளான்கூட அங்கே பதிவாகியிருக்கிறது.

கேட்கச் சங்கடமாக இருக்கும், ஆனால் உண்மை: நிலக்கரி மின்நிலையத்தின் கழிவுக் குளம்தான் இங்கே பறவைகளுக்குப் புகலிடம். காரணம், இயற்கையான இடம் சுருங்கிவிட்டது. எதிரே இருக்கும் பூலாவ் இண்டா ஒரு காலத்தில் பூலாவ் லூமுட் என்ற சதுப்புநிலத் தீவு. இன்று அங்கே வெஸ்ட்போர்ட் துறைமுகம் இருக்கிறது. துறைமுகம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் நிலக்கரியை 2040களில் கைவிடுவதாக அரசு சொல்லியிருக்கிறது. அப்போது அந்தக் குளங்களை மூடிக் கட்டடம் எழுப்பினால் பறவைகள் எங்கே நிற்கும் என்ற கேள்வியை இப்போதே கேட்பதுதான் சரி.

மூக்கைப் பிடிக்க வைக்கும் பகுதி

வீடுகளுக்கு அடியில் குப்பை சிக்கியிருப்பதைப் பார்ப்பீர்கள். தீவுக்காரர்கள் மேல் மட்டும் பழி போடாதீர்கள். வண்டல் வரும் அதே ஆற்று வழியில்தான் கோலாலம்பூர் வடிகாலில் விழுந்த போத்தலும் கடலுக்கு வருகிறது. 2019 முதல் கிள்ளான் ஆற்றில் குப்பை அள்ளும் மிதவை இயந்திரம் ஒன்று வேலை செய்கிறது. அதைத் தாண்டியும் மிச்சம் வருகிறது.

கிளம்பும் முன்

கேடிஎம் கொமுட்டரில் கடைசி நிலையமான போர்ட் கிள்ளானில் இறங்கினால் ஜெட்டி நடக்கும் தூரம்தான். தண்ணீர், தொப்பி, கொசு மருந்து, முடிந்தால் ஒரு பைனாகுலர் எடுத்துக்கொள்ளுங்கள். நடைபாதையை விட்டுச் சேற்றில் இறங்காதீர்கள், முழங்கால்வரை இழுத்துவிடும். நீங்கள் நடக்கும் பலகை யாரோ ஒருவர் வீட்டு வாசல், படம் எடுக்கும் முன் கேளுங்கள்.

பறவைக்கு நல்ல நேரம், கடல் உச்சம் தொடுவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு. ஏறும் நீர் அவற்றைக் கரைப்பக்கம் தள்ளிக்கொண்டு வரும். காப்பார் சாம்பல் குளங்கள் மின்நிலைய வளாகத்துக்குள் இருப்பதால் அனுமதி இல்லாமல் போக முடியாது. ஜெராம் கடற்கரையில் நின்று பார்க்கலாம்.

தீவில் இறங்கியதும் முதல் வேலையாகக் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று ஜெட்டியிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.