பாட்டியோட வண்டியை மடிக்கத் தெரியுமா?

பைக்கை எப்படி நிறுத்தணும்னு உங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மேடு பள்ளம் பார்த்து, சைட் ஸ்டாண்ட் போட்டு, ஹேண்டில் லாக் பண்ணி, மண் இளகியிருந்தா ஸ்டாண்டுக்கு அடியில ஒரு ஓட்டாஞ்சில்லையும் சொருகிட்டுத்தான் நகருவீங்க. அதே வீட்டுல இன்னொரு வண்டியும் நிக்குது. பெட்ரோல் வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம், போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்த மாட்டார். பாட்டியோ தாத்தாவோ பிடிச்சுக்கிட்டு நடக்கிற சக்கர வாக்கர்! அதை மடிக்கத் தெரியுமா உங்களுக்கு?

'இதுல என்ன பாஸ் பெரிய விஷயம் இருக்கு?'னு கேட்கறீங்களா? இருக்கு.

சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். எல்லோரும் ரெடி. வாசல்ல ஆட்டோ. கடைசி நிமிஷத்துல பாட்டி சொல்வாங்க... "நீங்க போயிட்டு வாங்கப்பா, நான் வீட்டைப் பார்த்துக்கறேன்." கால் வலிதான் காரணம்னு நாம நினைச்சுக்குவோம். பல வீடுகள்ல நிஜக் காரணம் வேற. 'இந்த வண்டியையும் தூக்கிக்கிட்டு எல்லாருக்கும் எதுக்குத் தொந்தரவு?'ங்கிற கூச்சம்தான். வாக்கரை அரை நிமிஷத்துல மடிச்சு, ஆட்டோவுல ஏத்தி, இறங்கினதும் விரிச்சுக் கொடுக்க ஒரு ஆள் இருந்தா அந்தக் கூச்சம் பாதி காலி. வீட்டுல அதுக்குச் சரியான ஆள் யாரு? தோள்ல பேக்கை மாட்டிக்கிட்டு ரெண்டு ரெண்டு படியா தாவுற நீங்கதான்!

முதல்ல ஒரு குட்டி ஃப்ளாஷ்பேக். சீட், பிரேக், நாலு சக்கரம் வெச்ச ரோலேட்டரை 1978-ல் உருவாக்கினவர் ஸ்வீடன் நாட்டைச் சேர்ந்த ஐனா வீஃபால்க். இளம் வயசிலேயே போலியோவால் பாதிக்கப்பட்ட பெண்மணி. நடக்கறதுல இருக்கிற கஷ்டம் அவருக்கு அனுபவப் பாடம். நடக்கவும் உதவி, களைச்சா உட்காரவும் இடம்னு ரெண்டும் ஒரே வண்டியில! உங்க வீட்டு வராந்தாவுல நிக்கிற அந்த அலுமினிய வண்டிக்குப் பின்னாடி இப்படி ஒரு கதை!

உங்க வீட்டுல எந்த மாடல்?

பொதுவா ரெண்டு வகை. முன்னாடி ரெண்டு சக்கரம், பின்னாடி ரெண்டு ரப்பர் புஷ் வெச்ச கால்கள்... இது ஒரு வகை. எடை ரொம்பக் குறைவு. சீட்டும் இருக்காது, பிரேக்கும் இருக்காது. இன்னொண்ணு நாலு சக்கர ரோலேட்டர். சைக்கிள் மாதிரி ரெண்டு கைப்பிடியிலும் பிரேக், நடுவுல சீட், கூடவே ஒரு கூடையோ பையோ. பெரும்பாலும் ஆறிலிருந்து எட்டு கிலோ வரை எடை. உங்க லேப்டாப் பேக்கைவிட கனம்தான், ஆனா ஜிம்முக்குப் போற கைக்கு இதெல்லாம் ஜுஜுபி!

மடிக்கறதுக்கு முன்னாடி ஒரு ரூல். வாக்கரைப் பிடிச்சு நிக்கிறவங்க கையிலிருந்து அதை வாங்கக் கூடாது. முதல்ல அவங்க நாற்காலியிலயோ, ஆட்டோ சீட்டுலயோ நல்லா உட்காரணும். அதுக்கப்புறம்தான் உங்க கை வாக்கர் மேல போகணும். அவசரத்துல 'கொடு பாட்டி'ன்னு பிடுங்கினா, அந்த நொடியில அவங்க பிடிமானம் மொத்தமும் போயிடும்.

ஒன்... டூ... த்ரீ... மடி!

நாலு சக்கர வண்டின்னா இப்படிச் செய்யுங்க.

1. சமதளத்துல நிறுத்தி ரெண்டு பிரேக் லீவரையும் கீழ்நோக்கி அழுத்துங்க. 'க்ளிக்'னு உட்கார்ந்தா பார்க்கிங் பிரேக் விழுந்தாச்சு. ஓடும்போது நிறுத்த லீவரை மேல்நோக்கி இழுக்கணும், நிறுத்தி வைக்கக் கீழே தள்ளணும். பெரும்பாலான வண்டிகளுக்கு இதுதான் கணக்கு.

2. கூடையைக் காலி பண்ணுங்க. மாத்திரை டப்பா, மூக்குக் கண்ணாடி, தண்ணி பாட்டில், வெத்தலைப் பெட்டி... எல்லாத்தையும் எடுத்துப் பாட்டி கையிலேயே கொடுத்திடுங்க. மேல ட்ரே இருந்தா அதையும் கழட்டுங்க.

3. சீட்டு நடுவுல ஒரு பட்டையோ கைப்பிடியோ இருக்கும். அதைப் பிடிச்சு நேரா மேல இழுத்தா வண்டி தானா சுருங்கும். சில மாடல்ல சீட்டைத் தூக்கினா அடியில ஒரு கம்பி தெரியும், அதை இழுக்கணும். மக்கர் பண்ணினா முட்டி மோதாதீங்க. எங்கேயோ ஒரு கொக்கி மாட்டியிருக்குன்னு அர்த்தம். தேடிப் பாருங்க.

4. மடிச்ச பிறகு பக்கவாட்டுல இருக்கிற கிளிப்பை மாட்டுங்க. நிறைய பேர் கோட்டை விடற இடம் இதுதான். கிளிப் மாட்டாம தூக்கினா பாதி வழியில வண்டி வாயைப் பிளக்கும், விரல் நடுவுல மாட்டும்.

ரெண்டு சக்கர வகை இன்னும் சுலபம். முன்பக்கக் குறுக்குக் கம்பியில பட்டனோ லீவரோ இருக்கும். அதை அழுத்தி ஒரு பக்கத்தை உள்ளே மடக்கி, அப்புறம் அடுத்த பக்கம். அவ்வளவுதான்.

தூக்கும்போது ஃபிரேமைப் பிடிங்க. பிரேக் ஒயரைப் பிடிச்சுத் தூக்காதீங்க. சைக்கிள்ல இருக்கிற மாதிரி ஒயர்தான் அது. இழுபட்டா பிரேக் தளர்ந்து போகும். அது தெரியப்போறது உங்களுக்கு இல்ல, அடுத்த நாள் சரிவுல இறங்குற பாட்டிக்கு.

விரிக்கறதுலதான் விஷயம்!

மடிக்கிறது சரியில்லைன்னா இடம் அடைக்கும், அவ்வளவுதான். விரிக்கிறது சரியில்லைன்னா ஆள் விழுவாங்க. பாதி விரிஞ்ச வாக்கர் பார்க்க முழுசா விரிஞ்ச மாதிரியே நிக்கும். எடையைப் போட்டதும்தான் சுயரூபம் தெரியும்.

அதனால கிளிப்பைக் கழட்டி, அகலமா விரிச்சு, சீட்டோட ரெண்டு பக்கக் கம்பியையும் உள்ளங்கையால கீழே அழுத்துங்க. விரல்கள் கம்பிக்கு அடியில போகாம பார்த்துக்கங்க. 'க்ளிக்' சத்தம் கேட்கணும். ரெண்டு சக்கர வகையிலயும் ரெண்டு பக்கமும் 'க்ளிக்' விழணும். அப்புறம் உங்க எடையைக் கொஞ்சம் போட்டு ஒரு தடவை அழுத்திப் பாருங்க. பிரேக் பிடிக்குதா? ரெண்டு கைப்பிடியும் ஒரே உயரத்துல இருக்கா? பாட்டி நிமிர்ந்து நின்னு கையைத் தொங்கவிட்டா கைப்பிடி அவங்க மணிக்கட்டு உயரத்துல இருக்கணும். பார்த்த பிறகு, பார்க்கிங் பிரேக் போட்ட நிலையிலேயே பக்கத்துல கொண்டுபோய் வைங்க. எழுந்திருக்கும்போது வாக்கரைப் பிடிச்சு இழுத்து எழக் கூடாது. நாற்காலிக் கையை ஊன்றி எழுந்து, அப்புறம் வாக்கருக்குக் கை மாறணும்.

மடிச்சாச்சு... எங்கே வைக்கிறது?

இதுதான் இந்தக் கட்டுரையோட மெயின் பிக்சர்!

கல்யாண மண்டபம். வாக்கர் வழியில நிக்குதேன்னு யாரோ ஒரு நல்ல மனுஷர் அதை மடிச்சு, மேடைக்குப் பின்னாடி சாமான் ரூம்ல பத்திரமா வெச்சிடுவார். வண்டி பத்திரம்தான். ஆனா பாட்டி? அரை மணி நேரம் கழிச்சு பாத்ரூம் போகணும். யாரைக் கூப்பிடறது, எப்படிக் கேட்கறதுன்னு தயங்குவாங்க. கொஞ்ச நேரம் அடக்கிப் பார்ப்பாங்க. அப்புறம் 'நாலடிதானே'ன்னு நாற்காலி நாற்காலியா பிடிச்சுக்கிட்டுத் தனியா கிளம்புவாங்க. வழுக்குற தரை, பட்டுப் புடவை, ஓடி விளையாடுற பசங்க... வயசானவங்க விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சா ஆபரேஷன், மாசக்கணக்கில் படுக்கைன்னு வாழ்க்கையே மாறிடலாம்.

அதனால 'பத்திரமா வைக்கிறது'ன்னா திருடு போகாம வைக்கிறது மட்டும் இல்ல. உட்கார்ந்திருக்கிறவங்க கைக்கு எட்டற தூரத்துல, அடுத்தவங்க கால் தடுக்காத இடத்துல வைக்கிறது. முடிஞ்ச வரைக்கும் மடிக்காமலே பக்கத்துல நிறுத்துங்க. இடமே இல்லைன்னா மடிச்சு, பக்கத்துச் சுவர் ஓரமா சாயாம வைங்க. அதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேளுங்க: "பாட்டி, இதை மடிச்சு இங்கே ஓரமா வைக்கட்டுமா? எழுந்திருக்கணும்னா சொல்லு, நான் இங்கேதான் இருக்கேன்." சொன்ன மாதிரி அங்கேயே இருக்கறதும் முக்கியம், பாஸ்!

பந்தியில் ஓர இலை பிடிங்க. சாம்பார் வாளியோட வர்றவர் வாக்கர்ல இடிச்சுக்க மாட்டார். தியேட்டர்லயும் ஓர சீட்தான். இருட்டுல நடைபாதையில கிடக்கிற வாக்கர் அடுத்தவர் காலை வாரிவிடும்.

வீட்டுல, ராத்திரி நேரத்துல வாக்கரை மடிக்கவே மடிக்காதீங்க. கட்டில் பக்கத்துல, விரிச்சு, பிரேக் போட்டு, பாட்டி எந்தப் பக்கம் இறங்குவாங்களோ அந்தப் பக்கம் நிறுத்துங்க. பகல்ல மடிச்சு வைக்கிறதா இருந்தா மாடிப்படி, வாசல் நிலை, பாத்ரூம் கதவு இந்த மூணு இடமும் கூடாது. மேல ஈரத் துண்டு காயப் போடறது, கைப்பிடியில காய்கறிப் பையை மாட்டறது எல்லாம் நோ! பாரம் ஒரு பக்கம் சாய்ஞ்சா வண்டியும் சாயும்.

ஆட்டோ, டாக்சி, டிரெயின்

ஆட்டோவில் வாக்கரை வெளியே நீட்டிப் பிடிக்காதீங்க. மடிச்சு, கிளிப் போட்டு, உங்க கால் பக்கத்துல நிறுத்திப் பிடிச்சுக்கங்க. கால் டாக்சி புக் பண்ணினா டிரைவர்கிட்ட போன்லயே கேட்டிடுங்க. கேஸ்ல ஓடற கார்கள்ல டிக்கியில பாதி இடத்தை சிலிண்டரே பிடிச்சிருக்கும். டிக்கியில வைக்கும்போது பிரேக் லீவரும் ஒயரும் அமுங்காம படுக்க வைங்க, மேல சூட்கேஸை ஏத்தாதீங்க. டிக்கியில இடம் இல்லாம பின் சீட்டுல வெச்சா பெல்ட்டால கட்டிடுங்க. சடன் பிரேக் போட்டா அந்த ஆறு கிலோ அலுமினியம் முன்னாடி பறந்து வரும்.

சென்னையில 2024-ல் தாழ்தளப் பேருந்துகள் மறுபடி ஓட ஆரம்பிச்சதுல படி ஏறுற கஷ்டம் கொஞ்சம் குறைஞ்சிருக்கு. ஆனா ஓடற பஸ்ல ரோலேட்டர் சீட்டுல உட்கார வைக்காதீங்க. அது நிக்கிற வண்டியில இளைப்பாறத்தான். அதுல உட்கார வெச்சுத் தள்ளிட்டுப் போறதும் தப்பு. அது வீல்சேர் இல்ல.

டிரெயின்ல லோயர் பெர்த்துக்கு அடியில மடிச்சு வைக்கலாம். திருட்டு பயத்துல செயின் போட்டுப் பூட்டினீங்கன்னா சாவியோட நீங்க அப்பர் பெர்த்துல குறட்டை விடாதீங்க! ராத்திரி எழுந்தா எழுப்பணும்னு பாட்டிகிட்ட முன்னாடியே சொல்லி வைங்க. ஓடற ரயில்ல வாக்கரைவிட உங்க கைதான் நல்ல துணை.

ஞாயிற்றுக்கிழமை சர்வீஸ்

பைக்கைத் துடைக்கிற அன்னிக்கே இதுக்கும் பத்து நிமிஷம் ஒதுக்குங்க. சக்கர அச்சுல தலைமுடி, நூல், கோலமாவு எல்லாம் சுத்தி அடைச்சிருக்கும், எடுங்க. ரப்பர் புஷ் தேய்ஞ்சு வழவழன்னு ஆயிருந்தா மாத்துங்க. ஸ்க்ரூ ஆடுதா, பிரேக் போட்ட பிறகும் சக்கரம் நகருதான்னு பாருங்க. நகர்ந்தா வாங்கின கடையில காட்டிச் சரி பண்ற வரைக்கும் பாட்டி கையில கொடுக்காதீங்க. மழையில நனைஞ்சா துடைச்சுட்டு உள்ளே வைங்க.

பக்கத்து வீட்டுத் தாத்தா வாக்கர் வாங்க வசதியில்லாம சுவரைப் பிடிச்சு நடக்கிறாரா? வருமானம் குறைந்த, 60 வயதைக் கடந்தவர்களுக்கு வாக்கர், ஊன்றுகோல் போன்றவற்றை இலவசமாகத் தரும் 'ராஷ்ட்ரிய வயோஸ்ரீ யோஜனா' என்ற மத்திய அரசுத் திட்டம் 2017-ல் தொடங்கப்பட்டது. முகாம் எப்போதுன்னு கலெக்டர் ஆபீஸ்ல விசாரிச்சுச் சொல்றது உங்களுக்கு ஒரு மதிய நேர வேலை.

இந்த வார இறுதியில லீவுக்கு ஊருக்குப் போறீங்களா? வாக்கரைக் கொண்டுவந்து கூடத்துல நிறுத்துங்க. மூணு தடவை மடிச்சு, மூணு தடவை விரிச்சுப் பழகுங்க. தம்பிக்கும் தங்கச்சிக்கும் சொல்லிக் கொடுங்க. நீங்க ஹாஸ்டலுக்குத் திரும்பின பிறகு மடிக்கப் போறது அவங்கதானே? அப்புறம் தாத்தாகிட்டயோ பாட்டிகிட்டயோ போய், 'எங்கே போகணும்?'னு கேளுங்க. கோயிலோ, பழைய சிநேகிதி வீடோ, கடைத்தெருவோ... பதில் ரெடியாத்தான் இருக்கும். கேட்க ஆள் இல்லாமத்தான் இத்தனை நாள் சொல்லாம இருந்திருப்பாங்க!