சுழன்று வரும் பந்தை என்ன செய்வது?

டேபிள் டென்னிஸில் கனமான டாப்ஸ்பின்னை முதன்முதலாகச் சந்திப்பவர் மட்டையைச் செங்குத்தாக நீட்டுவார். பந்து எகிறிப் போய் மேசைக்கு வெளியே விழும். அடுத்த பந்தை மெதுவாகத் தொட்டுப் பார்ப்பார்; அதுவும் எகிறும். கோளாறு வேகத்தில் இல்லை, மட்டையின் கோணத்தில்.

2.7 கிராம் எடையுள்ள பந்தைத் தேர்ந்த ஆட்டக்காரர் கீழிருந்து மேலாக உரசி இழுத்தால், அது நொடிக்கு நூறு சுற்றுக்கு மேல் சுழலும். அந்தச் சுழற்சி காற்றை மேலே ஒதுக்க, காற்று பதிலுக்குப் பந்தைக் கீழே அழுத்துகிறது. மேக்னஸ் விளைவு என்பது இதைத்தான். வலைக்கு மேலே தாராளமாக வரும் பந்து சட்டென்று இறங்கி, மேசையில் பட்டதும் தாழ்வாகப் பாய்கிறது. நம் ரப்பரில் பட்டால் உரசி மேலே ஏறுகிறது.

எளிய பதில் பிளாக். மட்டையின் முகத்தை மேசைப் பக்கம் கவிழ்த்து, துள்ளியெழும் பந்தை அது உச்சிக்குப் போகுமுன்பே தொட வேண்டும். பிடி தளர்ந்திருக்கட்டும். ஓங்கி வீச வேண்டாம். வேண்டிய வேகத்தை எதிராளியே கொடுத்துவிட்டார்.

எனக்குப் பிடித்தது சாப். மேசையிலிருந்து பின்வாங்கி, பந்தின் அடிப்பக்கத்தை வெட்டியனுப்பும் ஆட்டம். தென்கொரியாவின் ஜூ செ-ஹ்யுக் இதை வைத்தே 2003 உலகச் சாம்பியன்ஷிப்பின் இறுதிவரை சென்றார். பார்ப்பதற்குச் சுழற்சியோடு மல்லுக்கட்டுவது போலிருக்கும், உண்மை நேர்மாறு. நம்மை நோக்கி வரும் டாப்ஸ்பின் பந்தின் மேற்பகுதி நம் பக்கமாக உருள்கிறது. சுழற்சியைக் கெடுக்காமல் பந்தை மட்டும் திருப்பி அனுப்பினால், மேற்பகுதி அப்போதும் நம் பக்கமே உருளும். எதிராளிக்கு அது பேக்ஸ்பின்! சாப் அந்தச் சுழற்சியோடு இன்னும் கொஞ்சம் சேர்க்கிறது, அவ்வளவே. பதிலுக்கு டாப்ஸ்பின் இழுப்பவர்தான் சுழற்சியை நிறுத்தி எதிர்த்திசையில் திருப்ப வேண்டியிருக்கிறது.

நீளமான புள்ளிகள் கொண்ட ரப்பர் வழுக்கும் தன்மையுடையது. சுழற்சியை அவ்வளவாகப் பிடிக்காது. அதில் வெறுமனே பிளாக் செய்தாலும் பந்து பேக்ஸ்பின்னாகத் திரும்பும். 2018 காமன்வெல்த் போட்டியில் ஒற்றையர் தங்கம் வென்ற மணிகா பத்ராவின் பேக்ஹேண்ட் பக்கம் இருப்பது இதுதான். அவர் நடுவில் மட்டையைச் சுழற்றிப் பக்கத்தை மாற்றியும் ஆடுவார். இரு பக்கமும் வேறு வேறு நிறமாக இருக்க வேண்டும் என்ற விதி இருப்பதால் எதிராளி பிழைத்தார். ஆட்டத்துக்கு முன் மட்டையை வாங்கிப் பார்க்கவும் அவருக்கு உரிமை உண்டு. எந்த நிறத்தில் புள்ளி என்று கவனிக்காதவர் அடுத்த டாப்ஸ்பின்னை வலையில்தான் அடிப்பார்.