லெமன் ஜூஸ்... சால்ட்டா, ஸ்வீட்டா?

ஏப்ரல் வெயில். சேலம் டு நாமக்கல் பஸ். ஜன்னலோர ஸீட் கிடைச்சாலும் முகத்துல அடிக்கிறது அனல் காத்துதான். 'தண்ணி குடிச்சா நடுவழியில அவஸ்தை'ன்னு பாட்டிலைத் திறக்காமலே காலேஜ் வந்து சேர்ற ஆளா நீங்க? ஹாஸ்டல் பாத்ரூம் கோலத்துக்குப் பயந்து தாகத்தையே தள்ளிப்போடுற பொண்ணா? அப்போ இது உங்களுக்குத்தான் ஃப்ரெண்ட்ஸ்!

சிறுநீரகக் கல் ஏதோ சித்தப்பா, பெரியப்பா சமாச்சாரம்னு நினைக்காதீங்க. இருபது வயசுலயும் வரும். விலாவுக்குக் கீழே முதுகுப் பக்கம் ஆரம்பிச்சு, அடிவயிறு வரைக்கும் சுருட்டி இழுக்கிற வலி. ஆளைத் தரையில புரள வைக்கும். கல் வெளியேறினதும் எல்லோரும் அதை மறந்துடுறோம் பாருங்க, சிக்கலே அங்கேதான். ஒருமுறை கல் வந்தவங்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு அஞ்சு முதல் பத்து வருஷத்துக்குள்ளே திரும்பவும் வருது.

ஏன் வருதுன்னு கேட்டா, நம்ம பக்கம் ரெடிமேட் பதில் ஒண்ணு இருக்கு. "எல்லாம் இந்த போர் தண்ணிதான்!" மேக்னசைட் ஜங்ஷன்னு ரயில்வே ஸ்டேஷனுக்கே பேர் வெச்ச ஊராச்சே, சந்தேகம் நியாயம்தான். ஆனா, உப்புத் தண்ணிதான் குற்றவாளின்னு இதுவரைக்கும் உறுதியா நிரூபணம் ஆகலை. ஆய்வுகள் ரெண்டு பக்கமும் பேசுது. போதாக்குறைக்கு, மெக்னீசியம் கல் உருவாகிறதைத் தடுக்கிற கட்சி! எந்தத் தண்ணிங்கிறதைவிட எவ்வளவு தண்ணிங்கிறதுதான் முக்கியம்.

இப்போ கதையோட ஹீரோவுக்கு வருவோம். பேர் சிட்ரேட். பெரும்பாலான கற்கள் கால்சியம் ஆக்ஸலேட்டால ஆனவை. சிறுநீர்ல கால்சியமும் ஆக்ஸலேட்டும் ஜோடி சேர்ந்தா கல். சிட்ரேட் நடுவுல புகுந்து கால்சியத்தோட கையைத் தான் பிடிச்சுக்கும். ரெண்டும் கரைஞ்ச நிலையிலேயே வெளியே போயிடும். ஏற்கெனவே உருவான துகள்கள் வளர்றதுக்கும் இது முட்டுக்கட்டை. ஒரு நாள் சிறுநீர்ல 320 மி.கி.க்குக் கீழே சிட்ரேட் இருந்தா, பொதுவா அதைக் குறைவுன்னு கணக்கு வைக்கிறாங்க.

ஏன் குறையுது? உடம்புல அமிலச் சுமை ஏறும்போது, அதைச் சமாளிக்க சிறுநீரகம் சிட்ரேட்டை வெளியே விடாம திரும்ப உறிஞ்சிக்கும். நாமக்கல்ல இருந்துக்கிட்டு முட்டையைக் குறை சொல்ல முடியுமா? நானும் சொல்லலை. ஆனா, காலையில ஆறு ஆம்லெட், மத்தியானம் சிக்கன், ஜிம் முடிஞ்சதும் ப்ரோட்டீன் பவுடர், காய்கறின்னா தட்டு ஓரத்துல ஒதுக்குற கறிவேப்பிலை மட்டும்னு வாழ்ந்தா, அமிலச் சுமை ஏறத்தான் செய்யும். நீண்ட நாள் வயிற்றுப்போக்கு, பொட்டாசியம் குறைவு, வலிப்புக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் தர்ற டோபிராமேட் மாத்திரை... இவையும் சிட்ரேட்டைக் குறைக்கும். (மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க, டாக்டர்கிட்ட பேசுங்க!) சிலருக்கு அமிலத்தை வெளியேத்துற வேலையிலேயே சிறுநீரகக் குழாய்களுக்குக் கோளாறு இருக்கும். சின்ன வயசுல, ரெண்டு பக்கமும், திரும்பத் திரும்பக் கல் வந்தா இதையும் பார்க்கணும். பலருக்குக் காரணமே பிடிபடாதுங்கிறதும் உண்மை.

சரி, எலுமிச்சைக்கு வருவோம். 1996-ல் அமெரிக்காவுல ஒரு சின்ன ஆய்வு. சிட்ரேட் குறைவா இருந்த கல் நோயாளிகளுக்கு, 120 மி.லி. எலுமிச்சைச் சாறை 2 லிட்டர் தண்ணியில கலந்து தினமும் கொடுத்தாங்க. சராசரி சிட்ரேட் 142 மி.கி.ல இருந்து 346-க்கு ஏறிச்சு. 120 மி.லி.ன்னா நம்ம ஊர்ப் பழத்துல நாலஞ்சாவது பிழியணும். சும்மா ஒரு கிளாஸ் குடிச்சுட்டு 'கல் கரையும்'னு காத்திருக்காதீங்க, வந்த கால்சியம் கல்லை அது கரைக்காது. அடுத்தது வர்ற வாய்ப்பைக் குறைக்கத்தான்.

கடைக்காரர் கேட்பாரே, "சால்ட்டா, ஸ்வீட்டா?" அங்கேதான் நாம கவுந்துடுறோம். சோடியம் சிறுநீர்ல போகும்போது கால்சியத்தையும் கூடவே இழுத்துட்டுப் போகும். ஸ்பூன் ஸ்பூனா உப்பு போட்ட லெமன், தொட்டுக்க தட்டுவடை செட், ராத்திரி மெஸ்ல ஊறுகாய்... எலுமிச்சை கட்டின வீட்டை உப்பு இடிச்சுடும். சர்க்கரையை அள்ளிக் கொட்டினாலும் வம்புதான். ரெண்டுமே பேருக்கு இருந்தா போதும்.

"கால்சியம் கல்லுன்னா பாலை நிறுத்திடலாமே?" வேண்டாம்! 2002-ல் வெளியான இத்தாலி ஆய்வு, 120 ஆண்களை அஞ்சு வருஷம் கவனிச்சுது. கால்சியத்தைக் குறைச்ச 60 பேர்ல 23 பேருக்குக் கல் திரும்ப வந்துச்சு. கால்சியத்தை வழக்கம்போலச் சாப்பிட்டு, இறைச்சியையும் உப்பையும் குறைச்ச 60 பேர்ல 12 பேருக்குத்தான் வந்துச்சு. உணவுல இருக்கிற கால்சியம் குடல்லயே ஆக்ஸலேட்டைப் பிடிச்சு வெச்சுக்கும். அதனால மோரை விடாதீங்க. தக்காளி விதைதான் கல்லா மாறுதுங்கிறதும் கட்டுக்கதை.

தண்ணியில டார்கெட் குடிக்கிற அளவு இல்லை, போற அளவு. ஒரு நாளைக்கு ரெண்டரை லிட்டர் சிறுநீர். நம்ம வெயிலுக்கு மூணு லிட்டருக்கு மேலயே குடிச்சாத்தான் அது நடக்கும். நிறம் வெளிறின மஞ்சளா இருக்கணும்.

ரெண்டாவது முறையும் கல் வந்துட்டா, வெறும் ஸ்கேனோட நிறுத்தாதீங்க. '24 மணி நேர சிறுநீர்ப் பரிசோதனை பண்ணலாமா டாக்டர்?'னு கேளுங்க. காலையில முதல் சிறுநீரை விட்டுட்டு, அப்புறம் மறுநாள் காலை வரைக்கும் போற எல்லாத்தையும் லேப்ல கொடுக்கிற கேன்ல சேர்க்கணும். ஹாஸ்டல்ல கேனும் கையுமா நடந்தா ரூம்மேட் ஓட்டத்தான் செய்வான். ஞாயித்துக்கிழமை வீட்டுல பண்ணிடுங்க. சிட்ரேட், கால்சியம், ஆக்ஸலேட், யூரிக் ஆசிட், சோடியம்னு ஒவ்வொண்ணும் எவ்வளவுன்னு அதுல தெரிஞ்சுடும். குறைவு உறுதியானா பொட்டாசியம் சிட்ரேட் மருந்து இருக்கு. ஆனா, சீனியரோட பாட்டிலைக் கடன் வாங்கிக் குடிக்கிற வேலை வேண்டாம். சிறுநீரகம் சரியா வேலை செய்யாதவங்களுக்கு ரத்தத்துல பொட்டாசியம் ஏறினா இதயத்துக்கே ஆபத்து.

கல் வலியோட குளிர் ஜுரமும் சேர்ந்தாலோ, சிறுநீர் சுத்தமா நின்னுட்டாலோ, லெமனும் வேண்டாம், வாழைத்தண்டும் வேண்டாம். மறுநாள் இன்டர்னல் எக்ஸாமே இருந்தாலும் சரி, அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிடுங்க.